உங்கள் குடும்பத்து மரபணுவை ஒரே தாளில் வரைவது எப்படி

ஒரு வெள்ளைத்தாள், பென்சில், ரப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம். பாட்டியிடம் கேட்கக் கேட்க அழித்து எழுத வேண்டிவரும், அதிலும் மூன்றாம் நாள் திடீரென்று நினைவு வந்து "அவனுக்கு முன்னாடி ஒண்ணு பொறந்து தவறிப்போச்சே" என்று சொல்லும்போது மொத்த வரிசையும் நகரும். மரபணு என்றதும் பலருக்கு ஆய்வகமும் வெள்ளைக் கோட்டும்தான் மனதில் வருகின்றன, ஆனால் ஒரு மரபியல் மருத்துவரிடம் போனால் ரத்தம் எடுப்பதற்கு முன்பே அவர் உங்கள் குடும்பத்தைப் படமாக வரைய ஆரம்பித்துவிடுவார். அந்த வேலையில் பாதியை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போகலாம். எப்படி என்று சொல்கிறேன். பீட்டா தலசீமியா என்ற ஒரு பரம்பரை ரத்தசோகை நோயை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன், மற்றதெல்லாம் வழியில் வரும்.

எனக்கு இதில் அக்கறை வந்தது என் அத்தை மகளால். பள்ளிக் காலத்திலிருந்தே அவளுக்கு ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டாது. இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று பதினைந்து வருடம் ஓடியது. சாப்பிடுவதில்லை, அதான் இப்படி என்று எல்லோரும் அவளைத்தான் திட்டினோம். கர்ப்பமான பிறகு ஒரு மருத்துவர் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு வேறொரு டெஸ்ட் எழுதினார், அவள் தலசீமியா கேரியர், அதாவது நோய் இல்லாமலே பழுதான மரபணுவைச் சுமப்பவள், என்று வந்தது. கணவருக்கும் அவசரமாகப் பார்த்தார்கள், அவருக்கு இல்லை. அந்த நான்கு நாள் காத்திருப்பு எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்காது. அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து எங்கள் குடும்பத்தை வரைந்தேன், வரைந்தால் இரண்டு தலைமுறைக்கு மேலே, மூன்று வயதிலும் நாலு வயதிலும் "வெளுத்து வெளுத்து" போன இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் தாய்மாமனும் அக்கா மகளுமாக இருந்து கட்டிக்கொண்டவர்கள்.

சரி, வரையத் தொடங்கலாம்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். யாருக்காக வரைகிறீர்களோ அவரைத் தாளின் கீழ்ப்பக்கம் போட்டு ஓர் அம்புக்குறி வையுங்கள். கணவன் மனைவியைப் படுக்கைக் கோட்டால் சேருங்கள், அதன் நடுவிலிருந்து கீழே ஒரு கோடு இறக்கி அதில் பிள்ளைகள், மூத்தவர் இடது பக்கம். இறந்தவர் மேல் சாய்வாக ஒரு கோடு. கரு கலைந்திருந்தால் சின்ன முக்கோணம். நோய் இருந்தவரை முழுதாகக் கறுப்பாக்குங்கள், கேரியர் என்று டெஸ்டில் உறுதியானவரைப் பாதி மட்டும். சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களுக்கு ஒற்றைக் கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு, நம் ஊரில் இதற்கு நிறைய பென்சில் செலவாகும். குறைந்தது மூன்று தலைமுறை வேண்டும். பெயர் எழுத வேண்டிய அவசியமில்லை, வயதும் ஊரும் போதும்.

கேட்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. "நம்ம குடும்பத்துல பரம்பரை நோய் இருக்கா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றுதான் பதில் வரும், கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் கேட்டால் சண்டையே வரும். அதனால் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். சின்ன வயதில் தவறிய பிள்ளைகள் உண்டா, எத்தனை வயதில்? யாருக்காவது அடிக்கடி ரத்தம் ஏற்றினார்களா? வயிறு மட்டும் வீங்கி, முகம் வெளுத்து, வளராமல் இருந்த குழந்தை உண்டா? பல் பிடுங்கி ரத்தம் நிற்காமல் போனது யாருக்கு? பிறவியிலேயே காது கேளாதவர், சின்ன வயதிலேயே இரவில் கண் தெரியாதவர்? தோஷம், கண்ணு பட்டது, கிரகம் சரியில்லை என்று பெரியவர்கள் சொல்லும் இடத்தில் பேச்சை மறிக்காமல், அந்தக் குழந்தை எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும், அவர்களோடு போய்விட்டால் இந்தத் தகவலை எந்த ஆய்வகமும் திருப்பித் தராது.

இப்போது தாளில் என்ன இருக்கிறது என்று புரிய மரபணு பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள், 23 ஜோடியாக. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. குரோமோசோம் என்பது சுருட்டி வைத்த டிஎன்ஏ இழை. அதில் ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள், ஆனால் ஒரு முழுத் தொகுப்பில் 300 கோடிக்கும் மேற்பட்ட முறை வரிசையாக வருகின்றன. இதில் புரதம் செய்வதற்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதிகளைத்தான் பொதுவாக மரபணு என்கிறோம், சுமார் 20,000 இருக்கின்றன. நமக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்று, 11ஆம் குரோமோசோமில் இருக்கும் ஹெச்பிபி என்ற மரபணு. ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைச் செய்யும் குறிப்பு அது.

வீட்டில் இரண்டு அடுப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எரியாவிட்டாலும் சமையல் நடந்துவிடும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். அதுதான் கேரியர்: ஒரு ஹெச்பிபி சரி, ஒன்று பழுது, ஆள் நன்றாக இருப்பார், ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். இரண்டும் எரியாத வீட்டில்தான் பட்டினி. இரண்டு ஹெச்பிபியும் பழுதாகப் பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் நன்றாக இருக்கும், கருவில் இருந்தபோது பயன்பட்ட வேறு வகை ஹீமோகுளோபின் அதுவரை தாங்கும். அது வற்றும்போது குழந்தை வெளுக்கத் தொடங்கும், அதற்குப் பிறகு மாதாமாதம் ரத்தம் ஏற்றித்தான் வளர்க்க வேண்டும், ஏற்றிய ரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை எடுக்கத் தனியாக மருந்து. அந்த வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்த யாரும் இதைச் சாதாரணமாகப் பேச மாட்டார்கள்.

இந்த ஒளிந்து வருகிற விஷயத்தை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் கிரெகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டின் புர்னோ நகரத்து மடத்தில் இருந்த துறவி. 1856 முதல் ஏழெட்டு ஆண்டுகள் பட்டாணிச் செடிகளைக் கலந்து கலந்து எண்ணினார். ஊதாப்பூச் செடியையும் வெள்ளைப்பூச் செடியையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் ஊதா. அந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்தவற்றில் 705 ஊதா, 224 வெள்ளை. மறைந்த வெள்ளை ஏறக்குறைய நான்கில் ஒன்றாகத் திரும்பி வந்துவிட்டது. 1866ல் எழுதி வெளியிட்டார், உலகம் 1900ல்தான் கவனித்தது.

அதே நான்கில் ஒன்றை நீங்கள் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களால் பார்க்கலாம். ஒன்று அப்பா, ஒன்று அம்மா, இருவரும் கேரியர். தலை விழுந்தால் சரியான மரபணு, பூ விழுந்தால் பழுது. இரண்டையும் சேர்த்துச் சுண்டி எழுதிக்கொண்டே வாருங்கள், நாற்பது ஐம்பது முறை. இரண்டும் பூவாக விழுவது சுமார் கால் பங்கு, அவைதான் நோயுள்ள குழந்தைகள். ஒன்று தலை ஒன்று பூ பாதி, அவர்கள் பெற்றோரைப் போலக் கேரியர். இரண்டும் தலை கால் பங்கு. சுண்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: முதல் தடவையே இரட்டைப் பூ விழலாம், அடுத்த தடவையும் விழலாம். "முதல் குழந்தைக்கு வந்துருச்சு, இனி மூணுக்கு வராது" என்று சொந்தக்காரர்கள் தைரியம் சொல்வார்கள், அது தவறு. நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நான்கில் ஒன்றுதான்.

தாளைத் தள்ளி வைத்துப் பாருங்கள், கறுப்புக் கட்டங்கள் எப்படி விழுந்திருக்கின்றன என்பதில் ஒரு சாயல் தெரியும். பெற்றோர் நன்றாக இருந்து, உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும், மேலே ஓர் இரட்டைக் கோடும் இருந்தால், தலசீமியா மாதிரி, இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய் வரும் ஒடுங்கு மரபாக இருக்கலாம். தலைமுறை விடாமல் அப்பாவுக்கு, மகளுக்கு, பேரனுக்கு என்று இறங்கி வந்தால் ஓங்கு மரபு, பழுதான ஒரு பிரதியே போதும். ஆண்களுக்கு மட்டும் வந்து, தாய்மாமனுக்கு இருந்தது அக்கா மகனுக்கு வருகிறது, நடுவில் அக்காவுக்கு ஒன்றும் இல்லை என்றால் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மரபணுவைச் சந்தேகிக்க வேண்டும், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா அப்படித்தான் வரும். அந்த வகையில் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது, ஏனென்றால் மகனுக்கு அவர் கொடுப்பது ஒய். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் குடும்பத்தில் வரிசையாக இருந்தாலும் இந்தக் கணக்குக்குள் அடங்காது, பல மரபணுக்களும் சாப்பாடும் வாழ்க்கைமுறையும் சேர்ந்து வேலை செய்யும் இடம் அது.

இந்தத் தாளின் வலிமைக்கு ஓர் உண்மைக் கதை. வெனிசுவேலாவில் மரக்கைபோ ஏரிக்கரைக் கிராமங்களில் ஹண்டிங்டன் நோய் உள்ள குடும்பங்கள் மிக அதிகம். நடு வயதில் கைகால் தானாக ஆடத் தொடங்கி, மூளை தேய்ந்து போகும் ஓங்கு மரபு நோய். நான்சி வெக்ஸ்லர் என்ற ஆய்வாளர், அவருடைய அம்மாவுக்கே அந்த நோய் இருந்தது, வருடா வருடம் அங்கே போய் வீடு வீடாகக் கேட்டு வரைந்தார். வரைபடம் 18,000 பேருக்கு மேல் வளர்ந்தது. அந்தக் குடும்பங்கள் கொடுத்த ரத்தத்தை வைத்துத்தான் 1983ல் நோயின் இடம் 4ஆம் குரோமோசோமில் என்று தெரிந்தது, 1993ல் மரபணுவே கையில் கிடைத்தது. அந்தச் சுவர் நீள வரைபடத்திலும் இதே சதுரமும் வட்டமும்தான்.

அடுத்து, சொந்தத்தில் கல்யாணம். தமிழ்நாட்டில் கால் பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் சொந்தத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் என்று 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. தாய்மாமனும் அக்கா மகளும் தங்கள் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள், மாமன் மகளும் அத்தை மகனும் எட்டில் ஒரு பங்கு. இங்கே நம் ஆட்கள் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சித்தப்பா மகளைத் தங்கை என்கிறோம், பங்காளி, கல்யாணத்தை நினைத்துப் பார்ப்பதே பாவம். மாமன் மகள் முறைப்பெண். ஆனால் இருவரும் பகிர்ந்துகொள்ளும் பங்கு ஒன்றேதான், எட்டில் ஒன்று. முறை என்பது நம் வழக்கம் வகுத்தது, மரபணுவுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது.

கணக்காகப் பார்க்கலாம். உங்கள் பாட்டி கேரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போகும் வாய்ப்பு பாதி, பேரப்பிள்ளைக்குக் கால். பேரனும் பேத்தியும் முறை வைத்துக் கட்டிக்கொண்டால் இருவருமே கேரியராக இருக்கும் வாய்ப்பு 16ல் ஒன்று, குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 64ல் ஒன்று. பாட்டியின் மகனே பேத்தியைக் கட்டினால் 32ல் ஒன்று. அதே பேரன் வெளியில் பெண் எடுத்தால், இந்தியாவில் சராசரியாக 100 பேரில் 3, 4 பேர் பீட்டா தலசீமியா கேரியர், 30ல் ஒருவர் என்று வைத்தால் 480ல் ஒன்று. ஆகாது என்று யாரையும் நான் தடுக்கவில்லை, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சொந்தத்தில் கட்டி ஆரோக்கியமாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். தேதி குறிப்பதற்கு முன் இரண்டு பேரும் ஒரு டெஸ்ட் எடுங்கள் என்கிறேன், ஜாதகம் பார்க்கிற நேரத்தில் முடிந்துவிடும்.

"நாங்க சொந்தத்துல எடுக்கல, வெளியிலதான்" என்பவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். வெளியில் என்றால் பெரும்பாலும் அதே சமூகத்துக்குள் வேறு ஊர். 2017ல் ஹைதராபாத்தில் இருக்கும் சிசிஎம்பி என்ற செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானி தங்கராஜும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தார்கள். அதில் 81 குழுக்கள் மிகச் சில முன்னோர்களிடமிருந்தே பெருகியவை என்றும், அதற்குப் பேர்போன பின்லாந்து மக்களைவிட அந்தத் தன்மை அவர்களிடம் வலுவாக இருக்கிறது என்றும் கண்டார்கள். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டால் சொந்தம் என்று தெரியாமலே ஒரே முன்னோரின் பழுது இருவரிடமும் இருக்கலாம்.

டெஸ்டுக்கு வருவோம். முதலில் ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சிபிசி, எந்த ஊர் லேபிலும் எடுக்கலாம். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள், கீழே எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு), எம்சிஎச் (ஒரு சிவப்பணுவில் சராசரியாக இருக்கும் ஹீமோகுளோபின்) என்று இரண்டு வரி இருக்கும். எம்சிவி 80க்குக் கீழ், எம்சிஎச் 27க்குக் கீழ் என்றால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கின்றன. இரும்புச்சத்துக் குறைவிலும் இப்படி வரும், கேரியருக்கும் வரும், அதனால்தான் இரண்டும் குழம்புகின்றன. ஒரு எளிய வழி, எம்சிவியை ஆர்பிசி, அதாவது சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எம்சிவி 62, ஆர்பிசி 5.6 என்றால் விடை 11. 13க்குக் கீழே வந்தால் கேரியராக இருக்கலாம் என்ற சந்தேகம் கூடுகிறது, மேலே வந்தால் இரும்புக் குறைவின் பக்கம். இது சந்தேகப்பட மட்டும்தான், முடிவு சொல்ல இல்லை. என் அத்தை மகளின் பழைய ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றிலும் இந்தக் கணக்கு 12க்குக் கீழேதான் இருந்தது. அந்தப் பதினைந்து வருடத்தில் யாராவது ஒருவர் வகுத்துப் பார்த்திருக்கலாம்.

முடிவு சொல்வது ஹெச்பிஎல்சி. ஹீமோகுளோபினை வகை வகையாகப் பிரித்து எவ்வளவு சதவீதம் என்று காட்டும் கருவி. அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பீட்டா தலசீமியா கேரியர். கடுமையான இரும்புக் குறைவு இருந்தால் ஏ2 கீழே இறங்கி ஏமாற்றலாம், அதனால் எல்லைக்கோட்டில் வந்தால் இரும்பைச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். இன்னொன்று, அரிவாள் செல் சோகையின் கேரியருக்குச் சிபிசி முழுக்க நன்றாகவே இருக்கலாம், ஹெச்பிஎல்சியில்தான் சிக்கும். அதே ஹெச்பிபி மரபணுவில் ஒரே ஓர் எழுத்து, ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி வருவதால் வரும் நோய் அது. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே நம் நீலகிரியில், 1952ல், அங்குள்ள பழங்குடி மக்களிடம். மலேரியா இருந்த நிலங்களில் இந்தக் கேரியர்கள் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பித்தார்கள், அதனால்தான் அந்தப் பழுது அழியாமல் தங்கிவிட்டது.

இருவருமே கேரியர் என்று வந்தால் மட்டும் மரபணு டெஸ்ட். ஊதா மூடி போட்ட குழாயில் சில மில்லி ரத்தம் எடுப்பார்கள், அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரிப்பார்கள். இதை வீட்டில் பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தில் செய்து காட்டலாம்: பழத்தைப் பிசைந்து, தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு மெல்லக் கலக்கி, துணியில் வடிகட்டி, ஃப்ரீசரில் வைத்துக் குளிர்ந்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை டம்ளரின் ஓரமாக மெதுவாக ஊற்றினால், நடுவில் பஞ்சு மாதிரி வெள்ளை இழைகள் மிதந்து வரும். அதில் இருப்பது டிஎன்ஏ. ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்பு பக்கம் வேண்டாம்.

பிறகு பிசிஆர். கொரோனாவில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பிசிஆரின் அடிப்படைதான். 95 டிகிரியில் சூடாக்கினால் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரியும், 55 டிகிரி பக்கம் ஆறவிட்டால் நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சின்னத் துண்டு போய் ஒட்டும், 72ல் ஒரு நொதி அங்கிருந்து பிரதி எடுக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு, 30 சுற்றில் ஒரு துண்டு 107 கோடியாகும். இவ்வளவு சூட்டிலும் கெடாத அந்த நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து வந்தது. கேரி முல்லிஸ் இதை 1983ல் யோசித்தார், 1993ல் நோபல் பரிசு.

இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான பழுதுகளில் ஐந்து வகைகள்தான் பெரும்பாலும் வருகின்றன, அதில் முதலிடம் மரபணுவின் முதல் இடைப்பகுதியில் ஐந்தாம் இடத்தில் ஜிக்குப் பதில் சி இருப்பது. அந்தப் பழுது இருந்தால் மட்டும் ஒட்டுகிற மாதிரி துண்டு செய்து பிசிஆர் ஓட்டினாலே விடை வந்துவிடும், செலவும் குறைவு. அதில் கிடைக்காவிட்டால் அந்த மரபணுவை மட்டும் எழுத்தெழுத்தாக வாசிக்கும் சாங்கர் முறை, 1977ல் வந்தது, இன்றும் நம்பகமானது. எடுத்த எடுப்பில் முழு மரபணுத் தொகுப்பையும் வாசிக்கும் பெரிய பேக்கேஜுக்குப் போகாதீர்கள். அந்த நவீன முறை டிஎன்ஏவைக் கோடிக்கணக்கான துண்டாக்கி, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வாசித்து, கணினியில் கோத்துத் தருகிறது. முதல் மனித மரபணுத் தொகுப்புக்கு 1990 முதல் 2003 வரை ஆனது, இப்போது சில நாள் வேலை. எந்த மரபணு என்றே தெரியாத நோய்க்கு அது வரம்தான். ஆனால் பெரிதாக வாசிக்க வாசிக்க "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று ரிப்போர்ட்டில் நிறைய வரும். அதற்கு அர்த்தம் நோய் என்பது கிடையாது, இன்னும் தெரியவில்லை என்பது மட்டுமே, அதை வைத்துக்கொண்டு கர்ப்பத்தையோ கல்யாணத்தையோ முடிவு செய்யக் கூடாது. உலகத் தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை என்பதால் நமக்கு இப்படி இன்னும் அதிகமாக வருகிறது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது, அதன் அருமை இங்கேதான்.

இருவரின் பழுதும் தெரிந்துவிட்டால், கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்தோ, 16 வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரிலிருந்தோ குழந்தைக்கு என்ன போயிருக்கிறது என்று பார்க்கலாம். அதனால் ஏழாம் மாதத்தில் தெரிந்துகொள்வதைவிடக் கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்திருப்பது எவ்வளவோ மேல். அங்கே ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

பிறந்துவிட்ட குழந்தைக்கும் வழி இல்லாமல் இல்லை. ஒத்துப்போகும் அண்ணனோ தங்கையோ இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றலாம், வேலூர் சிஎம்சியில் 1986லேயே தொடங்கிவிட்டார்கள். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த, கிரிஸ்பர் என்ற டிஎன்ஏ வெட்டும் கருவியால் செய்யும் சிகிச்சை இன்னும் வியப்பானது: கருவில் பயன்பட்ட ஹீமோகுளோபினை அணைத்து வைக்கும் பிசிஎல்11ஏ என்ற சுவிட்சை நோயாளியின் சொந்தச் செல்களில் வெட்டிவிட்டால், பழைய ஹீமோகுளோபின் திரும்ப எழுந்து வேலை செய்கிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நம் பிள்ளைகளுக்கு எட்டும் விலைக்கு அது வர வேண்டும், வரும்வரை ஹெச்பிஎல்சிதான் நம் கையில் இருக்கும் ஆயுதம்.

கடைசியாக டெஸ்ட் எடுக்கும் வரிசை. மாப்பிள்ளைக்கு முதலில் எடுங்கள். அவர் கேரியர் இல்லை என்று வந்துவிட்டால் பெண் கேரியராக இருந்தாலும் குழந்தைக்கு இரண்டு பழுதும் சேராது. பெண்ணுக்கு முதலில் எடுத்து, அவள் கேரியர் என்று வந்து, "பொண்ணுக்கு ரத்தத்துல ஏதோ குறை" என்று ஊர் முழுக்கப் பரவி வரன் நின்றுபோன கதையை நான் பார்த்திருக்கிறேன், அவளுக்கு ஒரு நோயும் இல்லை. ரிப்போர்ட்டைத் தரகரிடமோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். கேரியர் என்று தெரிந்தவர் தன் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள், அவர்களுக்கும் பாதி வாய்ப்பு இருக்கிறது. தாளில் அந்தக் கட்டத்தைப் பாதி கறுப்பாக்கி, ஓரத்தில் தேதி போட்டு, ஜாதகம் வைத்திருக்கும் பைக்குள்ளேயே வையுங்கள்.